எட்டுப் பத்து பஸ்

மம்சாபுரம்
12 ஜூன் 2025

அன்புள்ள அண்ணன் சோலைராஜுக்கு,

உன் ஒரே தங்கச்சியும், வேறு போட்டி இல்லாததால் உனக்கு மிகவும் பிடித்த தங்கச்சியுமான வெள்ளத்தாய் எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலம், நீ நட்ட முருங்கை நலம், அதில் குடியிருக்கும் கம்பளிப்பூச்சிகள் பரம நலம். அந்த மலை உச்சியில் நீயும் உன் துப்பாக்கியும் நலமா? உங்கள் காவல் போஸ்ட்டில் போன் கிடையாது, கீழே இறக்கும்வரை தபால்தான் என்று எழுதியிருந்தாய். நல்லது. போனில் என்றால் நான் பேசும்போது நீ கொட்டாவி விடுவாய். லெட்டரில் விட்டாலும் எனக்குத் தெரியாது.

ஒரு சேதி சொல்கிறேன், முதலில் உட்கார். உட்கார்ந்தாயா? நான் எப்போதும் உட்கார்ந்துதான் இருக்கிறேன், எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸை மாற்றிவிட்டார்கள். சாய்தள பஸ்! நேற்று எட்டுப் பத்துக்கு, சரியாக எட்டுப் பத்துக்கு, வந்து நின்றது. கதவு திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு இரும்புப் பலகை நாக்கை நீட்டுவது போல நீண்டு தரையைத் தொட்டது. நான் என் வீல்சேரை அதன் மேல் உருட்டிக்கொண்டு நேராக உள்ளே போய்விட்டேன். யாரும் தூக்கவில்லை, யாரும் "பாத்து, பாத்து" என்று கத்தவில்லை. கண்டக்டர் பெயர் விக்னேஸ்வரன். "ஏறுங்க மேடம்" என்றார். மேடமாம்!

நீ இருந்தபோது ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பாய், பொறவு என்னைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை முட்டித் தள்ளுவாய். அந்தப் பச்சைத் துண்டுக்கு இப்போது வேலை போய்விட்டது, ஆணியில் தொங்குகிறது. ஊரில் எல்லோரும் படி ஏறிப் படிக்கப் போகிறார்கள். நான் படி இல்லாமலே படிக்கப் போகிறேன். பிளஸ் டூ, அண்ணே. மார்ச்சில் பரீட்சை எழுதிக் கிழித்துவிடுவேன். பேப்பரை அல்ல.

ஆகவே, கவலைப்படும் வேலையை எல்லாம் எதிரிக்குக் கொடுத்துவிட்டு நீ நிம்மதியாக இரு.

இப்படிக்கு,
மேடம் வெள்ளத்தாய்


அதே நாள், மத்தியானம்

அண்ணே,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. நோட்டிலேயே இருக்கட்டும். நலமா என்று கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

அப்படி ஒரு பஸ் வரவில்லை. அதே பழைய பஸ்தான், அதே மூன்று படிதான். ஜூன் நாலாம் தேதி அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது படியில் கால் வைத்தாள். பஸ் கொஞ்சம் நகர்ந்தது. கீழே அம்மா, அவள் மேல் நான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் படுத்திருந்துவிட்டு நேற்றுதான் ராஜபாளையத்துக்கு மில் ஷிப்டுக்குப் போனாள், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

கீழே விழுந்தபோது நாலு பேர் ஓடி வந்து என்னைத் தூக்கினார்கள். நல்ல மனுஷர்கள்தான். ஆனால் ஒருவன் அக்குளில், ஒருவன் தொடையில், ஒருவன் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் எங்கேயோ. "தினமும் நாங்க ஏத்தி விடுதோம்" என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். நான் மூட்டை இல்லை.

இறங்குவதென்றால் நானே கையை ஊன்றி ஒவ்வொரு படியாக நகர்ந்துவிடுவேன். சாயங்காலம் ஏற்றிவிட ஹெப்சிபாவும் எங்கள் வகுப்புப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். காலையில்தான் ஒருவரும் இல்லை, அவர்கள் எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகள். தரையில் உட்கார்ந்தால் அந்த முதல் படி என் கழுத்து உயரம். அவ்வளவுதான் விஷயம். ஒரு படி.

நான்காம் தேதியிலிருந்து வீட்டில் இருக்கிறேன். வருகைப் பதிவு குறைந்தால் மார்ச்சில் பரீட்சைக்கு விடமாட்டார்கள். இதை உனக்கு எழுதினால் என்ன செய்வாய் என்று தெரியும். முந்தின வருஷம் கார்த்திகையில் நீ பயிற்சிக்குக் கிளம்பிய அன்றைக்கே, "உன்னை யாருட்டி தூக்குவா, நான் போகல" என்று பெட்டியைக் கீழே வைத்தவன்தானே. அப்பா போன பிறகு இந்த வீட்டுக்கு வந்த ஒரே நல்ல சேதி உன் வேலை.

அதனால்தான் அந்த பஸ்ஸை நான் விட்டேன். இன்றைக்குச் சன்னமாக மழை. தெருவில் யாரும் இல்லை.


2 ஜூலை 2025

அன்புத் தங்கச்சிக்கு,

சோலைராஜ் எழுதுவது. நான் நல்லா இருக்கேன். அம்மா மருந்து மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாளா? நீ நல்லா சாப்பிடு.

உன் லெட்டர் இருபதாம் தேதி கிடைச்சது. இங்க ஒரு சட்டம் உண்டு. யாருக்கு லெட்டர் வந்தாலும் அடுப்பைச் சுத்தி உக்காந்து எல்லாருக்கும் கேக்கிற மாதிரி உரக்கப் படிக்கணும். நாங்க பன்னிரண்டு பேர். தமிழ் தெரிஞ்சவன் நான், விமல், இன்னும் ரெண்டு பேரு. மத்தவங்களுக்கு விமல் இந்தியில சொன்னான். பஸ் நாக்கை நீட்டுச்சுன்னதும் பீகார்க்காரன் ஒருத்தன் டீயைக் கொட்டிட்டான். அடுத்த லெட்டர்ல கண்டக்டர் என்ன சொன்னார்னு எழுதச் சொல்லி எல்லாரும் என்னை அரிக்கிறானுங்க.

விமல் நம்ம பக்கம்தான், வ. புதுப்பட்டி. அவன் தங்கச்சி மாரிக்கனிக்கும் உன்னை மாதிரியே கால் வராதாம், உன் வயசுதானாம். எட்டாவதோட வீட்டுல உக்காந்துருச்சு. உன் லெட்டரைப் படிச்ச பொறவு அன்னைக்கு ராத்திரி அவன் சாப்பிடவே இல்லை. ரெண்டு தடவை லெட்டரை வாங்கிப் படிச்சான்.

எட்டுப் பத்து பஸ் எட்டுப் பத்துக்கே வருதா? ஆச்சரியம்தான்.

குளிர் பழகிருச்சு. வேற விசேஷம் இல்லை.

உன் அண்ணன்
சோலைராஜ்


மம்சாபுரம்
20 ஜூலை 2025

மலைமேல் மறவன் அண்ணனுக்கும், அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பதினோரு ரசிகர்களுக்கும் வணக்கம். எல்லோரும் நலமா? விரல் எல்லாம் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா? இங்கே வெயில் நலம். கொஞ்சம் கவரில் போட்டு அனுப்பலாம் என்று பார்த்தேன், தபால்காரம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

உன் லெட்டர் செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு வந்தது. தபால்காரம்மா கையில் கொடுத்ததும் அவரையே நிற்க வைத்துப் படித்துக் காட்டினேன். சட்டம் எல்லோருக்கும் சட்டம்தானே.

கண்டக்டர் கதை கேட்டீர்கள். பஸ் டிரைவரின் பெயர் சமுத்திரம். என் பெயர் வெள்ளத்தாய். முந்தாநாள் கண்டக்டர் விக்னேஸ்வரன் படியில் நின்று கத்தினார்: "சமுத்திரமும் வெள்ளமும் ஒரே வண்டியில வருது. நீச்சல் தெரிஞ்சவுக மட்டும் ஏறுங்க!" ஒரு பெரியவர் நிஜமாகவே இறங்கப் பார்த்தார்.

என் வீல்சேர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சீட்டைக் காலியாகவே விடுகிறார்கள், துணைக்கு வருபவர்களுக்காம். எனக்குத்தான் துணை வேண்டாமே. அதனால் தினமும் ஒரு புது ஆள் வந்து உட்கார்ந்து கதை சொல்லிவிட்டுப் போகிறார்கள். நேற்று அய்யனார் கோவில் அருவிக்குப் போகிற நாலு பையன்கள், முந்தாநாள் பால்கோவா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் மூடியைத் திறந்து திறந்து பார்த்த ஒரு அக்கா. நாள் முழுக்கப் பேச்சுதான். வாய் வலிக்கிறது. வீட்டுக்கு வந்தால் பேசவே தோன்றுவதில்லை.

விமல் அண்ணனைச் சாப்பிடச் சொல்.

இப்படிக்கு,
வாய் வலிக்கும் வெள்ளத்தாய்


வ. புதுப்பட்டி
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள வெள்ளத்தாய் அவர்களுக்கு,

முன்பின் தெரியாத மாரிக்கனி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் வீட்டில் அம்மாவும் சுகம்தானே. நாங்கள் சுகம். நான் எட்டாம் வகுப்பு வரைதான், எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும். உங்கள் விலாசத்தை என் அண்ணன் விமல் அனுப்பிக் கொடுத்தான்.

சாய்தள பஸ் பற்றி அண்ணன் எழுதியிருந்தான். எங்கள் ஐயா கூலி வேலைக்குப் போகிறவுக. போன திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாவுக. நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குக் காலை ஒன்பது மணிக்கு வந்துவிட்டோம். மம்சாபுரம் பஸ் ஒவ்வொன்றும் வரும்போது ஐயா எழுந்து போய்ப் பார்த்தாவுக. நாக்கு நீட்டுகிற பஸ் வரவில்லை. அங்கே பூ விற்கிற ஒரு அம்மா, "அப்படி ஒண்ணும் இங்க வாரதில்லையே தாயி" என்றது. ஐயா, "இல்ல, எம்மவன் பட்டாளத்துலேர்ந்து எழுதியிருக்கான், பொய்யா எழுதுவான்?" என்று சொன்னாவுக.

சாயங்காலம் நாலு மணி வரை இருந்தோம். ஒதுங்குவதற்கு எனக்குத் தோதான இடம் இல்லை, அதனால் தண்ணீர் குடிக்கவில்லை. மற்றபடி கஷ்டம் இல்லை. நான் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது. நிறையப் பேரைப் பார்த்தேன். நல்லா இருந்தது.

அன்றைக்கு அந்த பஸ்ஸுக்கு லீவாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். எந்தெந்த நாள் வரும், எத்தனை மணிக்கு வரும் என்று எழுதினால் திரும்ப வருகிறோம். ஒரு தடவை உள்ளே ஏறிப் பார்த்தால் போதும். உங்களுக்குப் பக்கத்தில் ஒரு சீட் காலியாக இருக்கும் என்று அண்ணன் எழுதியிருந்தான். எனக்கு அதில் இடம் கிடைக்குமா?

பதிலை எதிர்பார்த்து,
மாரிக்கனி


25 ஆகஸ்ட் 2025

தங்கச்சிக்கு,

நான் நலம். ஒரு மாசமா உன் லெட்டர் இல்லை. நாலு தடவை தபால் வந்துச்சு, உன்னது இல்லை. பசங்க கேக்கிறானுங்க. அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?

விமல் எனக்குத் தெரியாம அவன் வீட்டுக்கு பஸ் பத்தி எழுதியிருக்கான். அந்தப் பிள்ளை உனக்கு எழுதுச்சா?

ஒரு வரியாவது எழுது.

சோலைராஜ்


மம்சாபுரம்
8 செப்டம்பர் 2025

அன்புள்ள மாரிக்கனிக்கு,

உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அன்றைக்குத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாயே, அதற்குப் பிறகு காய்ச்சல் ஏதும் வரவில்லையே? ஐயா சுகமா?

உனக்கு ஏழு லெட்டர் எழுதினேன். முதல் ஆறிலும் நிறைய ஜோக் இருந்தது, கிழித்துவிட்டேன். இது ஏழாவது.

அந்த பஸ் இல்லை. திங்கட்கிழமையும் இல்லை, எந்தக் கிழமையும் இல்லை. என் அண்ணன் வேலையை விட்டுவிட்டு வந்துவிடக் கூடாது என்று நான் இட்டுக்கட்டினேன். டிரைவர் சமுத்திரம், கண்டக்டர் விக்னேஸ்வரன், அருவிக்குப் போகிற பையன்கள், பால்கோவா அக்கா, ஒருவரும் இல்லை. ஜூன் நாலிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. என்னை ஏற்றிவிட ஆள் இல்லை. நாள் முழுக்கப் பேச்சு என்று எழுதினேன். காலை ஆறு மணிக்கு அம்மா போனால் சாயங்காலம் வரை எனக்கு வாயே தேவையில்லை. தபால்காரம்மா வந்தால் மட்டும் திறப்பேன். ஹெப்சிபா இரண்டு ஞாயிறு நோட்டு கொண்டுவந்தாள், பொறவு அவளுக்கு ட்யூஷன்.

அந்த லெட்டர் அடுப்பைச் சுற்றிப் பதினோரு பேருக்குப் படிக்கப்படும் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது லெட்டர் எழுதும்போது தெரியும். உன்னைப் பற்றியும் தெரியும். தெரிந்தும் எழுதினேன். காலி சீட்டை அப்போதுதான் சேர்த்தேன். அதற்கு என்னால் ஜோக் சொல்ல முடியவில்லை.

ஐயாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். திட்டினால் அதையும் அப்படியே எழுது.

இன்னொன்று. போன வாரம் ரேஷன் கடையில் கைரேகை வைக்க நேரில் வரவேண்டும் என்றார்கள், அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். எதிரில் ஆண்டிச்சாமி அண்ணாச்சியின் தேங்காய்க் கமிஷன் கடை. ரோட்டோரமாக அவர்களுக்கு ஒரு லோடு திண்டு உண்டு. லாரி அதை ஒட்டி வந்து நிற்கிறது. நடுவே ஒரு பலகை. தேங்காய் மூட்டையை யாரும் தூக்கவில்லை. இழுத்து விடுகிறார்கள், அதுபாட்டுக்கு உள்ளே போகிறது. எல்லாம் ஒரே மட்டம்.

நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். மூட்டைக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையா? எட்டுப் பத்து பஸ் அந்தத் திண்டை உரசிக்கொண்டுதான் போகிறது, எழுபது அடி தள்ளிப் போய் ஸ்டாப்பில் நிற்கிறது. அங்கே நிற்பதை இங்கே நின்றால் போதும். திண்டின் பின்பக்கம் தள்ளுவண்டி ஏறச் சரிவு இருக்கிறது, நான் உருட்டிக்கொண்டே ஏறிவிடுவேன். பஸ் கீழே இறங்கி வராது மாரிக்கனி, அது ராஜாவீட்டு வண்டி. நாமதான் மேலே ஏறி நிற்க வேண்டும்.

அடுத்த மாதம் மாற்றுத்திறனாளிகளுக்கு மனு முகாம் இருக்கிறது. கேட்கப் போகிறேன்.

நீ பதில் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

வெள்ளத்தாய்


வ. புதுப்பட்டி
22 செப்டம்பர் 2025

வெள்ளத்தாய்க்கு,

சுகம். காய்ச்சல் இல்லை.

உன் லெட்டரைப் படித்துவிட்டு நாலு நாள் யாரோடும் பேசவில்லை. ஆனால் அது யாருக்கும் தெரியவில்லை. இங்கேயும் பகலில் ஆள் கிடையாது.

ஐயாவிடம் சொன்னேன். "அந்தப் பிள்ளை பாவம், நம்மளை விட மோசமா இருக்கும்போல" என்று சொன்னாவுக. அவ்வளவுதான். நான் அப்படி நினைக்கவில்லை. எனக்குக் கோபம் இருக்கிறது. நான் அந்த காலி சீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னவெல்லாம் பேசலாம் என்று பத்து நாள் யோசித்து வைத்திருந்தேன்.

எங்கள் ஸ்டாப்பில் திண்டு கிடையாது. ஓடைப்பாலத்துச் சுவர் ஒன்று இருக்கிறது, அது எங்கள் ஐயாவின் இடுப்பு உயரம். பஸ் படி எவ்வளவு என்று ஐயாவை அளந்து வரச் சொன்னேன். இரண்டு சாண் வித்தியாசம். அதைச் சரிக்கட்டி, ஏறுவதற்கு ஒரு சரிவும் கட்டினால் ஆகும்.

இதையும் உன் மனுவோடு சேர். என் பெயரைப் போடு. இந்தத் தடவை நிஜமாக எழுது.

மாரிக்கனி


மம்சாபுரம்
11 அக்டோபர் 2025

அண்ணே,

நலமா? நீ கேட்ட ஒரு வரி இதோ: நான் பொய் சொன்னேன். மீதியெல்லாம் அதற்குக் கோனார் உரை.

இத்துடன் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள் வைத்திருக்கிறேன், ஜூன் பன்னிரண்டாம் தேதி மத்தியானம் எழுதியது. அதைப் படி. முடிந்தால் அடுப்பைச் சுற்றிப் படிக்காதே. இல்லை, படி. சட்டம் சட்டம்தான். மாரிக்கனி எழுதிய லெட்டரையும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். விமல் அண்ணனிடம் கொடு. அவர் என்னை என்ன சொன்னாலும் சரி.

இப்போது நடந்ததைக் கேள், இது நிஜம். ஒன்பதாம் தேதி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மனு முகாம். ஹெப்சிபாவின் அப்பா தண்ணீர் கேன் ஏற்றும் வண்டியில் அம்மாவையும் என்னையும் கொண்டுபோய் இறக்கினார். போய்ப் பார்த்தால் முகாம் மாடியில்! கீழே கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் போட்டிருந்தார்களாம். கால் வராதவர்கள் முப்பது பேர் கீழே, மனு வாங்குகிறவர்கள் மேலே. நடுவே பத்தொன்பது படி. "கூட வந்தவுக மனுவைக் கொண்டுபோய்க் குடுங்க" என்றார்கள். தனியாக வந்தவர்கள் படியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் உட்கார வைத்தேன்.

பையில் மனு நகல் இருந்தது. ராக்கெட் செய்தேன். மாடி ஜன்னல் திறந்திருந்தது. முதல் ராக்கெட் வேப்பமரத்தில் சிக்கியது. இரண்டாவது ஒரு காக்காயைக் கலைத்தது. மூன்றாவது உள்ளே போய் மனு வாங்குகிற மேடத்தின் டீயில் இறங்கியதாம். பக்கத்தில் இருந்த தாத்தா, "ஏட்டி, எம்மனுவையும் அப்படியே மடிச்சு விடு" என்றார். பொறவு எல்லோரும் கேட்டார்கள்.

மேடம் ஈரத் தாளோடு கோபமாக இறங்கி வந்தாங்க. "யாரு இது?" நான் கையைத் தூக்கினேன். அவங்க என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் இருந்த முப்பது பேரையும் பார்த்தாங்க. பொறவு கடைசிப் படியில் உட்கார்ந்து, மேஜையைக் கீழே கொண்டுவரச் சொன்னாங்க.

என் மனுவைப் படித்துவிட்டு, "பஸ் கேக்கலையா, ஸ்டாப்பைத்தான் எழுபது அடி தள்ளணுமா?" என்று இரண்டு தடவை கேட்டாங்க. "ஆமாம் மேடம். பஸ்ஸு நான் ஏற்கெனவே ஒண்ணு விட்டுட்டேன்" என்றேன். அவங்களுக்குப் புரியவில்லை. ரசீது கொடுத்தாங்க. மாரிக்கனிக்கும் ஒன்று.

அண்ணே, நீ வேலையை விட்டு வந்தால் அந்தத் திண்டின் மேலிருந்து உன்னைத் தள்ளிவிடுவேன்.

இப்படிக்கு,
பொய்க்காரி


3 நவம்பர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி சித்தப்பாவுக்கு எழுதியிருக்கேன்.

எனக்கு முதல் லெட்டர்லேயே தெரியும். மம்சாபுரத்துல பிறந்தவன் எவனாவது எட்டுப் பத்து பஸ் எட்டுப் பத்துக்கு வந்துச்சுன்னா நம்புவானா ஏட்டி? பஸ்ஸுக்கு நாக்கு முளைச்சதைக் கூட நம்பிருப்பேன். செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு, பள்ளிக்கூட நேரத்துல, தபாலைக் கையில வாங்குனேன்னு எழுதுன பொறவு சந்தேகமே இல்லை.

அப்ப ஏன் கேக்கலைன்னு நீ கேப்ப. நான் எழுதுற இதை யாருக்கும் படிச்சுக் காட்டலை. நீ எப்படியும் வீட்டுலதான் கிடக்கன்னு தெரியும். தெரியும்னு காட்டிக்கிட்டா வரணும். வர எனக்கு மனசில்லை. நம்புன மாதிரி இருந்துட்டா வரவேண்டாம்ல. நீ ஒரு பொய் எழுதின, நான் அதைப் பதினோரு பேருக்கு முன்னாடி நெசம் மாதிரி வாசிச்சேன். என்னுதுதான் பெருசு.

இன்னொண்ணு. இங்க ஒரு நாளைக்கு இருக்கிற பேச்சு காலையில பத்து மணிக்கே முடிஞ்சிரும். பொறவு பனி வெள்ளைதான், கண்ணுக்கு எட்டுன மட்டும். உன் லெட்டர் வந்த அன்னைக்கு மட்டும் எல்லாரும் அந்த பஸ்ல ஏறி உக்காந்திருந்தோம். நிறுத்த மனசு வரலை. அதுக்கு அந்தப் பிள்ளை பஸ் ஸ்டாண்டுல தண்ணி குடிக்காம உக்காந்திருக்கு.

விமல் என்கூட பத்து நாளாப் பேசலை. ஒரே கூடாரம், ஒரே அடுப்பு. நேத்து டீ ஊத்திக் குடுத்தான்.

மனுவுக்கு ஆர்டர் வந்தா எழுது. வரலைன்னாலும் எழுது.

சோலைராஜ்


மம்சாபுரம்
28 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமா? விமல் அண்ணன் பேசிவிட்டாரா? அம்மாவுக்கு இடுப்பில் பட்டை போட்டிருக்கிறார்கள், கொஞ்சம் தேவலை. மழை மூன்று நாளாக விடவில்லை. முருங்கை சாய்ந்துவிட்டது. கம்பளிப்பூச்சிகள் என்ன ஆயின என்று தெரியவில்லை.

பதினெட்டாம் தேதி இரண்டு பேர் டேப்போடு வந்து திண்டையும் பஸ் படியையும் அளந்தார்கள். ஆண்டிச்சாமி அண்ணாச்சி, "காலையில எட்டரைக்கு மேலதான் எனக்கு லோடு, பிள்ளை ஏறிக்கிடட்டும்" என்று எழுதிக் கொடுத்தார். நேற்று ஸ்டாப் பலகையைப் பிடுங்கி எழுபது அடி தள்ளி நட்டார்கள். ஹெச்எம் டீச்சர், "இனி ஒருநாள் கூட லீவு போடாம வா, வருகைக் குறைவுக்கு நான் மேலே எழுதுறேன்" என்று சொல்லியிருக்கிறார். சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். மார்ச் வரை அதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்.

இன்றைக்குப் போனேன்.

அம்மாவுக்கு ஷிப்ட், ஆறு மணிக்கே போய்விட்டாள். நானே உருட்டிக்கொண்டு பின்பக்கச் சரிவில் ஏறி, திண்டின் மேல் தேங்காய் மூட்டைகளுக்கு நடுவே குடையோடு காத்திருந்தேன். பார்க்கிறவர்களுக்கு நானும் சந்தைக்குப் போகிற சரக்கு மாதிரிதான் இருந்திருப்பேன். பஸ் வந்து ஒட்டி நின்றது. அண்ணாச்சி பலகையைப் போட்டார். நான் கையை ஊன்றி நகர்ந்தேன். பலகை ஈரம், உள்ளங்கையில் சிராய் ஏறியது. மூன்று நகர்வு. உள்ளே இருந்தேன். ஒருவரும் என்னைத் தொடவில்லை.

டிரைவர் பெயர் சமுத்திரம் இல்லை. கேட்டேன், சுந்தரபாண்டியன். கண்டக்டர் என் வண்டியை மடக்கி உள்ளே வைத்துவிட்டு, "சீக்கிரம்மா" என்றார். வேறு எந்த ஜோக்கும் சொல்லவில்லை. யாரும் என்னிடம் கதை சொல்லவில்லை. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாரிக்கனியின் பாலத்துச் சுவருக்கு, "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்திருக்கிறதாம். நானும் அவளும் இன்னும் நேரில் பார்த்ததில்லை.

உன் பச்சைத் துண்டைக் கொண்டுபோயிருந்தேன். பக்கத்து சீட்டில் போட்டேன்.

ஒரு பெரியவர் வந்து, "யாருக்குத் தாயி இடம்?" என்றார்.

"மாரிக்கனிக்கு."

"எங்க ஏறும்?"

"வ. புதுப்பட்டியில."

"ஏம்மா, இந்த வண்டி அங்கிட்டே போகாதே?"

"தெரியும் தாத்தா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு அடுத்த ஸ்டாப்பில் கைக்குழந்தையோடு ஒரு அக்கா ஏறினாள். துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

இதை அடுப்பைச் சுற்றி உரக்கப் படி. விமல் அண்ணனுக்குக் கேட்கிற மாதிரி படி. எட்டுப் பத்து பஸ் எட்டு இருபத்தேழுக்கு வந்தது. இந்தத் தடவை நம்பு.

உன் தங்கச்சி
வெள்ளத்தாய்